கேட்காமல் ஊற்றிய தண்ணீர்

என் தோல்பையில் கத்தரிக்கோல், நூல்கண்டு, கார்பாலிக் புட்டி இவற்றோடு ஒரு நீல எனாமல் குவளையும் எப்போதும் இருக்கும். விளிம்பில் ஓரிடத்தில் எனாமல் பெயர்ந்து கறுத்திருக்கும். பிரசவ வீட்டுக்குள் நுழைந்ததும் காய்ச்சி ஆறிய தண்ணீரை அதில் ஊற்றி, என் வலது கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவேன். பார்க்கிறவர்களுக்கு அது கை கழுவத்தான் என்று தோன்றும். பாதி உண்மை அதுதான். மீதிப் பாதி என்னைப் போன்ற சாந்தோம் கத்தோலிக்க வேதக்காரிகளுக்கு மட்டும் தெரிந்தது. பிறந்த குழந்தை சாகக் கிடந்தால் சாமியாருக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் அதன் நெற்றியில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து நாமத்தினாலே என்று சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பிலேயே இதை எங்களுக்கு மனப்பாடம் பண்ண வைத்தார்கள்.

தண்ணீர் படாமல் செத்த குழந்தை என்ன ஆகும் என்பதையும் அங்கேதான் சொன்னார்கள். அதற்கு வேதனை கிடையாதாம். ஆனால் ஆண்டவர் முகத்தையும் பார்க்காதாம். ஓர் இடத்தில் இருக்குமாம். அந்த ‘ஓர் இடம்’ எங்கே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்கு முன் என் அம்மா பெற்ற பிள்ளை ஒன்று அப்படித்தான் போயிற்று. கல்லறைத் தோட்டத்துக்குள் அதற்கு இடம் கிடைக்கவில்லை, மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். ஆத்துமாக்கள் திருநாள் அன்று அம்மா எல்லாருக்கும் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, அந்த மதில் பக்கம் திரும்பாமலே நடந்து வருவாள். திரும்பினால் அழுதுவிடுவாள் என்று எனக்கும் தெரியும். நான் மருத்துவச்சிப் படிப்புக்குப் போனபோது, இனி என் கையில் எந்தப் பிள்ளையும் அப்படிப் போகாது என்று நினைத்துக்கொண்டேன். நல்ல நினைப்புத்தான். அந்தப் பிள்ளை இன்னொரு வீட்டுக்காரரின் பிள்ளையாக இருக்கும் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

அந்த வீட்டுக்காரரை நான் டிராம்காரர் என்றே சொல்லி வந்தேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். முப்பதுகளின் தொடக்கம். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒற்றை அறையும் ஒரு தாழ்வாரமுமான வீட்டில் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். டிராமில் கண்டக்டர். காக்கிக் கோட்டும் தோளில் டிக்கெட் பையுமாக வேகவேகமாக நடப்பார். சாயங்காலங்களில் கடவுள் இல்லை என்று பேசுகிறவர்களின் கூட்டம் எங்கே நடந்தாலும் போய் முன்வரிசையில் உட்காருவார். மனைவி கையில் கோயில் கயிறு கட்டியிருந்தால் அறுத்து எறிந்துவிடுவார் என்று சந்தே சொல்லும். கடவுள் இல்லை என்பதில் அவருக்கு இருந்த நிச்சயம், இருக்கிறார் என்பதில் எனக்கு இருந்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். நான் பயந்து பயந்து நம்புகிறவள். என் ஜெபத்தில் பாதி, தப்பாக ஏதாவது செய்துவிட்டேனோ என்ற கேள்விதான்.

முதல் நாள் நான் அந்த வீட்டுக்குள் போனதும் அவர் சொன்னது இது: “நர்சம்மா, இந்த ஊட்டுல சாமி படம் கெடையாது, தேடாதீங்க. சுடுதண்ணி கேளுங்க, எவ்ளோ வேணும்னாலும் வெச்சுத் தர்றேன்.” எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆனால் சொன்னபடியே செய்தார். அண்டா அண்டாவாகக் காய்ச்சினார்.

ஆடி மாத வெயிலில் ஒரு முற்பகல். அந்தப் பெண்ணுக்கு வலி கண்டு இரண்டாவது நாள். குழந்தை பிறந்தபோது நீலம் பாரித்துத் துவண்டு கிடந்தது. வாயைத் துடைத்தேன், தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். அசைவில்லை. அதே நேரத்தில் தாய்க்கு ரத்தப்போக்கு ஆரம்பித்துவிட்டது. எனக்கு இருப்பதோ இரண்டு கை. பிள்ளை போய்விட்டது, அல்லது போய்க்கொண்டிருக்கிறது, தாயைக் காப்பாற்றலாம் என்று முடிவு செய்தேன். குவளையை எடுத்தேன். மூன்று தடவை நெற்றியில் ஊற்றி, உதடு மட்டும் அசைய அந்த வார்த்தைகளைச் சொல்லி, மரி என்று பெயரும் வைத்தேன். கூட இருந்த பக்கத்து வீட்டம்மா நான் பிள்ளையைக் கழுவுகிறேன் என்று நினைத்தாள். துணியில் சுற்றி முறத்தில் கிடத்திவிட்டுத் தாயிடம் திரும்பினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த நிமிஷம் எனக்கு ஒரு நிம்மதி. செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, இது மோட்சத்துக்குப் போய்விடும் என்று.

ஆண்கள் வராத அறைக்குள் அவர் வந்தார். பக்கத்து வீட்டம்மா கத்தியும் நிற்கவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்டார். போய்விட்டது தம்பி, நான் தாயைப் பார்க்க வேண்டும் என்று திரும்பாமலே சொன்னேன். யார் சொன்னது என்றார். முறத்திலிருந்து அதை எடுத்தார். கோட்டுப் பித்தானைப் பிய்த்துத் திறந்து வெறும் நெஞ்சில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உள்ளங்காலைப் பெருவிரலால் தேய்த்தார், முகத்தில் ஊதினார், முதுகைத் தடவினார். “எந்திரு கண்ணு, எந்திரு, அப்பா கீறேன் பாரு” என்று திரும்பத் திரும்ப அதே பேச்சு. பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும், தாய்க்கு ரத்தம் மட்டுப்பட்டு நான் மூச்சு விடுகிற நேரம். பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

சந்தோஷப்பட வேண்டியவள் நான்தான். சந்தோஷமும் பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் குழந்தை இப்போது வேதத்தில் சேர்ந்துவிட்டது. ஊற்றிய தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது. அப்பனுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. ஒரு மாதம் பொறுத்துப் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், திட்டவில்லை. சாகும் தறுவாயில் கொடுத்தது சரிதான், ஆனால் பிள்ளை பிழைத்துவிட்டதே, அது இப்போது திருச்சபையின் பிள்ளை, ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் ஏற வேண்டும், தகப்பனிடம் போய்ச் சொல் என்றார். எந்தத் தகப்பனிடம் சொல்லச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாது. நான் அதையும் சொல்லவில்லை.

தகப்பனிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடித்திருக்க மாட்டார், அந்த மாதிரி ஆள் இல்லை. அந்த வீட்டுக் கதவு எனக்கு மூடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அடுத்த பிரசவத்திலும் ஆபத்து வரும் என்று எனக்குத் தெரியும். என்னை விரட்டிவிட்டு எவளாவது அழுக்குக் கையோடு வந்து தொட்டால் அவள் பிழைக்க மாட்டாள். இப்படி ஒரு நியாயம் வைத்திருந்தேன். அதற்குப் பின்னால் வெறும் பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் என்னால் ஆகாது.

அதனால் திருட்டுத்தனமாக வளர்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை பார்க்கிறேன், அம்மை குத்தின தழும்பு பார்க்கிறேன் என்று ஏதாவது சாக்கில் வாரம் ஒரு தடவை அந்தச் சந்துக்குப் போவேன். தாய் அடுப்பைப் பார்க்கத் திரும்பும்போது குழந்தையின் காதில் அவசரமாக ஒரு மங்கள வார்த்தை ஜெபம். நெற்றியில் பெருவிரலால் ஒரு சிலுவை. எவ்வளவு சாமர்த்தியம் என்று நானே என்னை மெச்சிக்கொள்வேன். அதற்கு ஒன்றரை வயதானபோது ஒருநாள், அப்பன் எதிரிலேயே என் மடியில் ஏறி, தன் குட்டிப் பெருவிரலை என் நெற்றியில் வைத்து மேலும் கீழும் இழுத்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இது என்ன புது விளையாட்டு என்று கேட்டார். ஒன்றுமில்லை தம்பி, பொட்டு வைக்கிறாள் என்று புளுகினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டிக்கெட் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் சோறு இறங்காமல் கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இன்னொரு தண்டனை. சாமியார் சொன்னபடி தகப்பனிடம் சொல்லாமல் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. எல்லாரும் எழுந்து பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதிக்குப் போய் முழங்காலில் நிற்பார்கள், நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எங்கள் கோயிலில் யார் போகிறார்கள் என்பதை விட யார் போகவில்லை என்பதைத்தான் சனங்கள் கவனிப்பார்கள். நான் விதவை வேறு. கேட்க வேண்டுமா? பட்டினப்பாக்கத்து மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துக்கொண்டே முகத்துக்கு நேராகக் கேட்டாள்: “இன்னா நர்சம்மா, ஒரு வருசமா நன்மை வாங்கறதில்லையாமே, ஒடம்புக்கு ஆவலியா, மன்சுக்கு ஆவலியா?” உடம்புக்குத்தான் என்றேன். அதுவும் பொய். ஒரு பிள்ளையை மோட்சத்துக்குச் சேர்க்கப் போய், நான் வாரத்துக்கு ஒரு பொய்யாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

மூத்தவளுக்கு இரண்டு வயது முடிந்தபோது அந்தப் பெண் மறுபடி முழுகாமல் இருந்தாள். இந்தத் தடவை பிரசவத்துக்கு முன்னால் சொல்லிவிடுவது என்று உறுதி செய்துகொண்டேன். மூன்று தடவை போனேன். முதல் தடவை அவர் வேலைக்குப் போயிருந்தார். இரண்டாம் தடவை அவருடைய சிநேகிதர்கள் வந்து மதத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தடவை அவர் மூத்தவளைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தில் குதிரையாட்டம் ஓடிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை என்று திரும்பிவிட்டேன். உண்மையில் வராதது மனசு இல்லை, தைரியம். பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய்விடுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன், அவரும் சரி என்றார்.

ஐப்பசி மழை அதற்கு விடவில்லை. ரோட்டில் முழங்கால் தண்ணீர், ஒரு ஜட்காவும் வரவில்லை. மத்தியானம் அவரே நனைந்து ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்த அரை மணியில் பிள்ளை பிறந்தது. ஆண். கழுத்தில் கொடி இரண்டு சுற்று. மூத்தவள் பிறந்த அதே நீலம், அதே துவளல். தாய் இந்த முறை ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாகவே இருந்தாள், என் இரண்டு கையும் பிள்ளைக்குத்தான். கொடியை வெட்டினேன், வாயைத் துடைத்தேன், தட்டினேன். அசைவில்லை. நான் யோசிப்பதற்கு முன்னால் என் கை குவளைக்குப் போய்விட்டது.

தலையை நிமிர்த்தினேன். அவர் வாசற்படியில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமயிரிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக வாயில் வராதது அப்போது கொட்டியது. தம்பி, மூத்தவளுக்கு உன்னைக் கேட்காமல் இந்தத் தண்ணீரை ஊற்றி வேதத்தில் சேர்த்துவிட்டேன், சாகப்போகிறது என்று நினைத்தேன், இதற்கும் ஊற்ற வேண்டும், ஊற்றட்டுமா என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன், எந்த வார்த்தையில் கேட்டேன் என்பதெல்லாம் நினைவில்லை. குவளை என் கையிலேயே இருந்தது நினைவிருக்கிறது.

“அத்த ஊத்துனா மூச்சு வருமா?” என்றார்.

“வராது.”

“அப்ப வேணாம். மூச்சப் பாருங்க, நர்சம்மா.”

அது அவர் பிள்ளை. கேட்டேன், வேண்டாம் என்றார். குவளையைத் தள்ளி வைத்தேன். வாயோடு வாய் வைத்து ஊதினேன். ஒரு சட்டியில் வெந்நீர், ஒரு சட்டியில் பச்சைத்தண்ணீர், மாற்றி மாற்றி முக்கி எடுத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முன்பு போலவே உள்ளங்காலைத் தேய்த்தார், பேசிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை நெஞ்சு ஏறி இறங்கியது. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை உதடு சிவந்ததுபோலக்கூட இருந்தது. அந்த மூன்று மூச்சுக்கும் நடுவில் தண்ணீர் ஊற்ற எனக்கு நேரம் இருந்தது. அவர் பிள்ளை முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஊற்றியிருந்தால் கவனித்திருக்கக்கூட மாட்டார். ஆசைப்பட்டேன், ஊற்றவில்லை. நாலாவது மூச்சு வரவில்லை.

அதற்குப் பிறகும் எவ்வளவு நேரம் ஊதினேன் என்று தெரியாது. போதும் நர்சம்மா என்று அவர்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தாய் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள், பக்கத்து வீட்டம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். மூத்தவள் வந்து அப்பன் முதுகில் சாய்ந்து நின்றது. என்னை வையப் போகிறார் என்று காத்திருந்தேன். பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டு, “மூத்ததுக்கு ஊத்தறப்போ என்னாண்ட கேட்டிருக்கலாமே” என்றார். கேட்டால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாயே தம்பி என்றேன். ஆமாம், சொல்லித்தான் இருப்பேன், ஆனாலும் கேட்டிருக்கலாம் என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்குப் பயந்தா இரண்டு வருஷம் செத்துச் செத்துப் பிழைத்தேன்! வைதிருந்தால் தேவலை என்று இருந்தது. நான் அவரை ஆபத்து என்று நினைத்திருந்தேன், சுற்றிக்கொண்டு போக வேண்டிய பள்ளம் என்று நினைத்திருந்தேன். பிள்ளையைப் பெற்ற ஒரு மனுஷனாக ஒருநாளும் நினைக்கவில்லை.

மழை விட்டது. இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும் என்று சந்தில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். பிள்ளையைப் பாயில் கிடத்தச் சொல்லிப் பக்கத்து வீட்டம்மா இரண்டு முறை சொல்லிவிட்டாள். அவர் கேட்கவில்லை. கை மரத்துப்போயிருக்கும், மாற்றிக்கூடப் பிடிக்கவில்லை. துணி விலகினால் இழுத்துப் போர்த்தினார். செத்த பிள்ளைக்குக் குளிருமா என்று அவரைப் போன்ற ஆளுக்குத் தெரியாதா? ஆனாலும் போர்த்தினார்.

“நர்சம்மா,” என்றார், என்னைப் பார்க்காமல். “ஊத்த வேணாம்னு நான்தான் சொன்னேன். உங்க ஆளுங்க பேச்சுப்படி, இது இப்ப எங்க போவும்?”

எனக்குச் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்றுதான். ஓர் இடம். வேதனை இல்லை, வெளிச்சமும் இல்லை. மதிலுக்கு வெளியே. அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்த அந்தப் பாதை. நான் அவர் கையைப் பார்த்தேன்.

“நீ இன்னும் அத கீழ வெக்கல, தம்பி,” என்றேன். “ஆண்டவரு மட்டும் வெச்சிடுவாரா?”

“எனக்கு அப்படி ஒருத்தரு கெடையாது, நர்சம்மா.”

“இருக்கட்டும். அவருக்கு நீ இருக்கே.”

அவர் பிள்ளையோடு எழுந்தார். அடுத்த ஞாயிறு நான் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டிராம்காரரிடம் என் இஷ்டத்துக்குச் சொன்ன பதிலையும் சேர்த்து. நீ சொன்னது நமக்குப் போதிக்கப்பட்டது இல்லையே என்றார். தெரியும் சாமி என்றேன். பிறகு மூத்தவளின் பெயர் புத்தகத்தில் ஏறுவதைப் பற்றி இனிமேல் தகப்பன்தான் பேச வேண்டும் என்று சொல்லி எனக்கு ஆசீர்வாதம் கொடுத்தார். தகப்பன் பேசவேயில்லை. மூத்தவள் கயிறும் இல்லாமல் சிலுவையும் இல்லாமல் வளர்ந்து, வாத்தியாரம்மாவாகி, இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கின்றன. அவளுக்காக இன்றும் தினம் ஜெபிக்கிறேன், கவலையோடுதான்.

எனக்கு எழுபது நெருங்குகிறது. அன்று சொன்னது சரியா என்ற பயம் விட்டபாடில்லை, சில நாள் பூசை நடுவிலேயே வந்துவிடுகிறது. சீக்கிரமே ஆண்டவர் முன்னால் போய் நிற்கப்போகிறேன். யாரைக் கேட்டு என் பேரில் வாக்குக் கொடுத்தாய் என்று அவர் கேட்கலாம். பதிலை யோசித்து வைத்திருக்கிறேன். உம்மைப் பிதாவே என்று கூப்பிட ஞானோபதேசத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் சுவாமி, பிதா என்றால் யார் என்று எனக்குக் காட்டியது, கடவுளே இல்லை என்று சொன்ன அந்த மனுஷன்தான் என்று சொல்வேன். அதற்குப் பிறகு அவர் பாடு.